பெரிங்கர் எக்ஸ்ஆர்18: சவுண்ட் செக் கிடைக்காத குழுவுக்கு ஏற்ற மிக்ஸர்

பிரிட்டனின் நடுத்தர அரங்குகளில் சப்போர்ட் பேண்டாக, அதாவது பெரிய குழு ஒன்றின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகப் போகிறவர்களின் மாலைப்பொழுது ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. பெரிய குழுவின் சவுண்ட் செக், அதாவது ஒலிச் சோதனை, மூன்று மணிக்குத் தொடங்கும். ஐந்துக்கு முடிய வேண்டியது ஆறைத் தொடும். ஏழு மணிக்குக் கதவு திறந்துவிடுவார்கள். அதே இரவில் அரங்கில் டிஸ்கோ இருந்தால் பத்து மணிக்குள் மேடை காலியாக வேண்டும் என்பதால் நிகழ்ச்சி நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தள்ள முடியாது. இடையில் மிஞ்சுவதுதான் சப்போர்ட் பேண்டுக்கு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் வாசித்துவிட்டு இறங்க வேண்டும். பெரிய குழுவின் டிரம்ஸை யாரும் நகர்த்த மாட்டார்கள். அதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மீட்டர் ஆழத்தில்தான் உங்கள் டிரம்ஸும் நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் முதலில் அடிபடுவது மானிட்டர், அதாவது வாசிப்பவர்கள் மேடையில் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்கும் ஏற்பாடு. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது, டிரம்மருக்கு பேஸ் கேட்காது. எக்ஸ்ஆர்18ஐ இங்கே எடைபோடுவது இந்த ஒரு பிரச்சினையை வைத்துத்தான். கல்யாண மண்டபத்துக்கும் ஒத்திகை அறைக்கும் இதே மிக்ஸர் போகிறது. அங்கே அதன் கணக்கு வேறு.

முகப்பில் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்துக் குமிழ், ஒன்றுகூடக் கிடையாது. 16 மைக் உள்ளீடுகள், ஒரு ஸ்டீரியோ லைன் ஜோடி (17, 18), 6 ஆக்ஸ் வெளியீடுகள் (ஒவ்வொன்றிலும் தனி மிக்ஸ் அனுப்பலாம்), மெயின் இடது-வலது, ஹெட்ஃபோன் துளை, யு.எஸ்.பி., ஈதர்நெட், முக்கியமானவை இவைதான். மீதி எல்லாம் டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ. ராக்கில் (கருவிகளைத் திருகி வைக்கும் சட்டப் பெட்டி) 3 யூ இடம் பிடிக்கும்; யூ என்பது ராக்கின் உயர அளவு. உள்ளே ஒவ்வொரு சேனலுக்கும் ஈக்யூ (தொனி திருத்துவது), கேட் (மெல்லிய இரைச்சலை அடைப்பது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) உண்டு. நான்கு ஸ்டீரியோ எஃபெக்ட்கள் உண்டு. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்புகள் மைடாஸ் என்ற மிக்ஸர் நிறுவனத்தின் வடிவமைப்பு. காதுக்குள் கேட்பதற்கு இந்தத் தரம் தாராளமாகப் போதும்.

குழுவின் எல்லா மைக்குகளும் இந்தப் பெட்டிக்குள் வந்து, ஒவ்வொருவருக்கும் தனி மிக்ஸ் இயர்ஃபோனுக்குப் போய்விட்டால், நேற்று லீட்ஸில் கேட்டது இன்று கிளாஸ்கோவிலும் அப்படியே கேட்கும். மைக் அதே மைக், கெய்ன் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) அதே கெய்ன். அரங்கின் எதிரொலி மட்டும்தான் மாறும். அதுவும் காதுக்குள் அதிகம் வராது. 64 ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது மிக்ஸரின் மொத்த அமைப்பின் பதிவுகளை, பெட்டிக்குள்ளேயே சேமித்து வைக்கலாம். மேடை ஏறியதும் அன்றைய ஸ்னாப்ஷாட்டைக் கூப்பிட்டால் மானிட்டர் வேலை முடிந்தது. கிடைத்த பதினைந்து நிமிடமும் கூட்டத்துக்குக் கேட்கும் வெளிச் சத்தத்துக்கு மிச்சமாகும். ஆனால் இது நடக்க மைக்குகள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். அரங்கத்து ஸ்நேர் டிரம் மைக்கை மாட்டினால் அந்தச் சேனலின் கெய்ன் அன்றைக்குப் பொய்.

ஆறு ஆக்ஸ் என்றால் ஆறு மோனோ மிக்ஸ், அல்லது மூன்று ஸ்டீரியோ. நான்கு பேர் உள்ள குழுவில் எல்லோருக்கும் ஸ்டீரியோ வேண்டுமென்றால் ஒன்று குறைகிறது. வெளிச் சத்தம் அரங்கத்து மிக்ஸரிலிருந்து போவதால் இந்தப் பெட்டியின் மெயின் இடது-வலது சும்மாதான் கிடக்கும். அதை நான்காவது ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அவருடைய மிக்ஸை மட்டும் சேனல் ஃபேடர்கள் தீர்மானிக்கும். அதனால் மற்ற மூவரின் ஆக்ஸ் சென்டுகளும் ப்ரீ-ஃபேடரில் (சேனல் ஃபேடரைச் சாராத நிலையில்) இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஒன்று போஸ்ட்-ஃபேடரில் தங்கிவிட்டாலும் அந்த நான்காவது ஆளான டிரம்மர் தன் காதில் கிடாரைக் குறைக்கும்போது பாடகர் காதிலும் கிடார் குறையும். பழி இயர்ஃபோனுக்குக் கம்பியில்லாமல் சத்தம் அனுப்பும் ரேடியோ மீது விழும்.

இனி அதிகம் பேச வேண்டியது ஒரு மைக் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைப் பற்றி. மைக் சிக்னல் உங்கள் பெட்டிக்கும் போக வேண்டும், அரங்கத்து ஸ்டேஜ் பாக்ஸுக்கும் (மேடையிலிருந்து அரங்கத்து மிக்ஸருக்கு இணைக்கும் பெட்டி) போக வேண்டும். இரண்டு காலுள்ள ஒய் கேபிளில் இதைச் செய்யலாம், மலிவு. ஆனால் இரண்டு மிக்ஸர்களின் எர்த்தும் அதில் நேரடியாக இணைந்துவிடும், ஒரு சில அரங்குகளில் உர்ர்ர் என்று இரைச்சல் கிளம்பும். ஏஆர்டி எஸ்8 போன்ற டிரான்ஸ்ஃபார்மர் ஸ்ப்ளிட்டர் 1 யூவில் எட்டுச் சேனல் தருகிறது. இரண்டு வாங்கினால் பதினாறு. ஒவ்வொரு சேனலிலும் ஒரு நேரடி வெளியீடு, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பிரிந்த ஒரு வெளியீடு. நேரடியை உங்கள் எக்ஸ்ஆர்18க்கும் பிரிந்ததை அரங்குக்கும் கொடுங்கள். மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது என்பதால், டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்குகளுக்கும் ஆக்டிவ் டிஐ பெட்டிகளுக்கும் (கருவியின் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றுபவை) மின்சாரம் உங்கள் பக்கத்திலிருந்தே போகும்; அரங்கத்துப் பொறியாளர் ஃபான்டத்தை மறந்தாலும் கவலையில்லை. மாற்றிக் கொடுத்தால், இயர்ஃபோன் காதில் இருக்கும்போது வேறொருவர் ஃபான்டத்தைப் போட்டு அணைக்கும் 'டொப்' சத்தம் உங்கள் செவிப்பறைக்கு வரும்.

இப்படி மின்சாரம் தேவைப்படாத பாஸிவ் ஸ்ப்ளிட்டருக்கு இன்னொரு நன்மை உண்டு. உங்கள் ராக்கில் மின்சாரமே போய்விட்டாலும் மைக் சிக்னல் அரங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அரங்கத்துப் பொறியாளருக்குத் தன் மிக்ஸருக்கும் மைக்குக்கும் நடுவே யாரோ கொண்டுவந்த பெட்டி நிற்பது பிடிக்காது. 'நடுவில் இருப்பது பாஸிவ், பவர் போனாலும் உங்களுக்குச் சத்தம் வரும்' என்று முன்கூட்டியே இன்புட் லிஸ்ட்டுடன் எழுதி அனுப்பினால் பாதிப் பேச்சு மிச்சம். ஸ்ப்ளிட்டரிலிருந்து ஸ்டேஜ் பாக்ஸுக்குப் போகும் வால் கேபிள்கள் குறைந்தது 5 மீட்டர் இருக்கட்டும். இரண்டு முனையிலும் எண் ஒட்டுங்கள். பெரிய குழுவின் இணைப்புகளைப் பிடுங்காமல் மிச்சமிருக்கும் துளைகளில்தான் மாட்டச் சொல்வார்கள். அதனால் உங்கள் 1, அவர்களுடைய 25 ஆகலாம். எண் இல்லாத வால்கள் பதினைந்தில் பத்து நிமிடத்தை விழுங்கிவிடும்.

நான்கு பேர் குழுவுக்குப் பதினாறு உள்ளீடும் எப்படிப் போகிறது? கிக், ஸ்நேர், இரண்டு டாம், இரண்டு ஓவர்ஹெட் சேர்ந்து ஆறு. பேஸ் டிஐ ஏழு. கிடார் இரண்டு, கீபோர்டு ஒன்று, குரல் மூன்று என்று பதின்மூன்றுக்கு வருகிறோம். லேப்டாப்பிலிருந்து வரும் பேக்கிங் டிராக்குக்கு (முன்பே பதிவுசெய்த இசை) 14, 15. பதினாறாவதை ஸ்ப்ளிட்டருக்குக் கொண்டுபோகாமல், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் ஒரு மைக்குக்கு ஒதுக்குங்கள். அது இல்லையென்றால் இயர்ஃபோன் போட்டவருக்குக் கைதட்டல்கூடக் கேட்காது. இரண்டாவது பாட்டில் ஒரு காது இயர்ஃபோனைக் கழற்றிவிடுவார், கழற்றியதும் இன்னொரு காதில் சத்தத்தை ஏற்றுவார்.

கிளிக் சத்தத்துக்கு, அதாவது தாளம் காட்டும் டிக்-டிக் ஒலிக்கு, 17, 18 போதும். அவை லைன் உள்ளீடுகள், ஸ்ப்ளிட்டர் பக்கமே போவதில்லை. கிளிக் தவறிப்போய் ஸ்பீக்கரில் கேட்க வழியே இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரே ஸ்டீரியோ சேனல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒற்றை கேபிளை 17இல் மட்டும் செருகினால் ஸ்டீரியோ மிக்ஸில் கிளிக் இடது காதில் மட்டும் அடிக்கும். லேப்டாப்பை நேராக யு.எஸ்.பி.யில் மாட்டி டிராக்கையும் அதிலேயே ஓட்டலாமே என்று தோன்றும். காதுக்குக் கேட்கும், ஆனால் அதை அரங்குக்கு அனுப்ப இந்தப் பெட்டியில் இரண்டு வெளியீடுகள் வேண்டும், அவற்றை ஏற்கெனவே நான்காவது ஆளுக்குக் கொடுத்தாயிற்று. மூன்று பேர் குழுவென்றால் யு.எஸ்.பி. வழி சரி. நான்கு பேரென்றால் நான்கு வெளியீடுள்ள தனி ஆடியோ இன்டர்ஃபேஸும் எர்த் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இரண்டு டிஐயும் வாங்கத்தான் வேண்டும். லேப்டாப் சார்ஜர் மாட்டியதும் கிளம்பும் இரைச்சலை அந்த எர்த் லிஃப்ட் நிறுத்தும்.

இப்போது இதன் மோசமான பகுதி: உள்ளே இருக்கும் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். நான்கு சாதனங்களுக்கு மேல் சேராது. காலி அரங்கில் அழகாக வேலை செய்யும். எழுநூறு பேர் எழுநூறு கைபேசியோடு உள்ளே வந்ததும் அந்த அலைவரிசை சந்தைக்கடை ஆகிவிடும். போதாததற்கு மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சும். டேப்லெட்டில் ஃபேடர் நகரும், காதில் ஒன்றும் மாறாது. இரண்டாவது தடவை இழுக்கும்போது இரண்டு மாற்றமும் சேர்ந்து வரும். மேடையில் இதை நம்பவே கூடாது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் உள்ள தனி ரூட்டர் ஒன்றை ஈதர்நெட்டில் மாட்டி, 2.4ஐ அணைத்துவிடுங்கள். ரூட்டரை இரும்பு ராக்குக்குள் வைக்காதீர்கள். மைக் ஸ்டாண்டில் தலைக்கு மேலே உயர்த்துங்கள்.

பெட்டியில் ஈதர்நெட், வைஃபை கிளையன்ட், ஆக்ஸஸ் பாயின்ட் என்று மூன்று நிலை சுவிட்ச் ஒன்று உண்டு. சின்னது, வேனில் உருளும்போது நகர்ந்துவிடக்கூடியது. மிக்ஸர் டேப்லெட்டில் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஈதர்நெட் நிலையில் வைத்து மேலே ஒரு துண்டு காஃபர் டேப் ஒட்டிவிடுங்கள். கைபேசியில் தன் மிக்ஸைத் தானே சரிசெய்பவர்கள் மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று ஆண்ட்ராய்டு தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். எல்லாம் கைவிட்டால் லேப்டாப்பை ரூட்டரில் மாட்ட ஒரு 10 மீட்டர் நெட்வொர்க் கேபிள் ராக்கின் இழுப்பறையில் இருக்கட்டும். முகப்பில் ஃபேடர் இல்லாத மிக்ஸருக்கு அந்தக் கேபிள்தான் ஃபேடர்.

யு.எஸ்.பி.யில் 18 தடங்களையும் தனித்தனியாகப் பதிவுசெய்யலாம் என்பது சுற்றுப்பயணத்தில் பெரிய வரம். நேற்றைய நிகழ்ச்சியை லேப்டாப்பிலிருந்து அதே சேனல்களுக்குத் திருப்பி ஓட்டி, விடுதி அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து மிக்ஸைத் திருத்தலாம். திருத்தி முடித்ததும் ஒவ்வொரு சேனலின் மூலத்தையும் யு.எஸ்.பி.யிலிருந்து மைக்குக்கு மாற்ற வேண்டும். மறந்து ஸ்னாப்ஷாட்டைச் சேமித்துவிட்டால் மறுநாள் மேடையில் பதினாறு சேனலும் ஊமை. கேபிள்களைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் அந்த யு.எஸ்.பி. பொத்தானைப் பாருங்கள்.

காதுக்குப் பாதுகாப்பு: ஒவ்வொரு ஆக்ஸிலும் கம்ப்ரஸரை அதிக ரேஷியோவில், வேகமான அட்டாக்கில் லிமிட்டராக (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பதாக) வையுங்கள். மைக் கீழே விழும் ஒரு தடவைக்காகவாவது. டிரம்மரும் கீபோர்டு வாசிப்பவரும் நகர்வதில்லை. அவர்களுக்கு ரேடியோ வீண் செலவு, பேட்டரியில் ஓடும், இடுப்பில் மாட்டும் கம்பி பெல்ட்-பேக் போதும். ரேடியோ வேண்டியவர்களுக்கு பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் உரிமம் இல்லாமல் 863 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது. வெறும் 2 மெகாஹெர்ட்ஸ் அகலம். நீங்களும் பெரிய குழுவும் அரங்கமும் சேர்ந்தால் நெருக்கடி. பிரிட்டனுக்குள் மட்டும் சுற்றுவதானால் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காமின் பகிர்வு உரிமத்தில் 606.5 முதல் 613.5 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்வது மேல். எப்படியானாலும் பாடகர் முன் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரை, அவர் குரல் மட்டும் வரும்படி, அரங்கத்திடம் கேட்டுவையுங்கள்.

யாருக்கு இது ஒத்துவராது? இருபது உள்ளீடு தாண்டும் குழுவுக்கு. தபேலா, டோலக், பேட், இரண்டு கீபோர்டு, புல்லாங்குழல், நான்கு பாடகர் என்று போகும் நம்மூர் மெல்லிசைக் குழுவுக்குப் பதினாறு மைக் போதவே போதாது. அங்கே பெரிங்கரின் எக்ஸ்32 ராக் மிக்ஸர்தான் பொருத்தம். அதிலும் 16 ப்ரீஆம்புதான், ஆனால் ஏஇஎஸ்50 என்ற டிஜிட்டல் ஒலிக் கேபிளில் ஸ்டேஜ் பாக்ஸ் சேர்த்து வளர்த்துக்கொள்ளலாம், வெளியீடும் எட்டு. இரண்டு பேர் கிடாரும் குரலுமாகப் போகும் குழுவுக்கு எக்ஸ்ஆர்18 அதிகப்படி; அவர்கள் அரங்கத்து மானிட்டரையே வாங்கிக்கொண்டு ஒரு பையோடு ரயிலில் போகலாம்.

வாங்கும்போது மிக்ஸரின் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு ஸ்ப்ளிட்டர், ரூட்டர், வால் கேபிள்கள், 8 யூ ராக், பெல்ட்-பேக்குகள் எல்லாம் சேர்ந்தால் மிக்ஸரின் விலையைத் தாண்டிவிடும். பணம் குறைவென்றால் ரேடியோவைத் தள்ளிப்போடுங்கள், ரூட்டரைத் தள்ளிப்போடாதீர்கள். மிக்ஸருக்கு 3 யூ, ஸ்ப்ளிட்டர்களுக்கு 2 யூ போக மீதியில் ஓர் இழுப்பறை வைக்கலாம். அதற்கு மேல் அடைத்தால் ஒரு ஆள் தூக்க முடியாது, சப்போர்ட் பேண்டுக்குத் தூக்க ஆள் தரமாட்டார்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்கு வேனில் போகிறவர்கள் ஏ.டி.ஏ. கார்னே (பொருள்களைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) எடுக்கும்போது ராக்கை ஒரே பொருளாக எழுதாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் சீரியல் எண்ணோடு எழுத வேண்டும். எண்கள் ராக்குக்குள் மறைந்துவிடும் என்பதால் திருகுவதற்கு முன்னால் படம் எடுத்து வையுங்கள்.

மின்சாரக் கேபிள் சாதாரண மூன்று முனை வகைதான், பூட்டு இல்லை. டிரம்மர் காலடியில் ராக் இருந்தால் நாலாவது பாட்டில் கழன்றுவிடும். கேபிளை ராக்கின் கம்பியில் ஒரு முறை சுற்றி டேப் போடுங்கள். இன்னொரு கேபிளை இழுப்பறையில் வையுங்கள்.