வாய்ஸும் டயல்அப்பும் ஒரே பெட்டியில்: 9 வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

டெலிபோன் லைனையும் ஐபி நெட்வொர்க்கையும் இணைக்கும் பெட்டிதான் கேட்வே. அதை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை ஈ1 போடலாம்?” என்றுதான். ஈ1 என்பது 30 கால்களைச் சுமக்கும் டிஜிட்டல் டெலிபோன் லைன். அதற்கு டேட்டா ஷீட்டே பதில் சொல்லிவிடும். நான் கேட்கச் சொல்வது வேறு: இந்தப் பெட்டி வழியாக ஒரு மோடம் கால் ராத்திரி முழுக்க அறுந்து போகாமல் நிற்குமா? 9 வருடமாக வாய்ஸையும் டயல்அப்பையும் ஒரே ரேக்கில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மோடத்தை ஒழுங்காகத் தாங்கிய எந்தப் பெட்டியும் வாய்ஸில் எங்களைக் கைவிட்டதில்லை. வாய்ஸ் அருமையாக இருந்த சில பெட்டிகள் மோடத்தில் திணறியிருக்கின்றன.

முதல் பெட்டி வந்த மூன்றாவது வாரமே இது புரிந்தது. வாய்ஸ் பற்றி ஒரு புகாரும் இல்லை. டயல்அப் வாடிக்கையாளர்கள் மட்டும் லைன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றார்கள். மோடம் ஃபர்ம்வேரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் ஈ1 கவுண்டரைத் திரையில் திறந்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஸ்லிப் எண்ணிக்கை சுமார் 40 வினாடிக்கு ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு முனையின் கிளாக்கும், அதாவது நேரத் துடிப்பும், ஒத்துப்போகாமல் ஒரு ஃபிரேம் தொலைவதுதான் ஸ்லிப். ஈ1-இல் ஒரு ஃபிரேம், அதாவது எல்லாச் சேனலும் ஒருமுறை வந்துபோகும் ஒரு சுற்று, 125 மைக்ரோ வினாடி. இரண்டு பக்கக் கிளாக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே 125 வினாடிக்கு ஒரு ஃபிரேம் தொலையும்; மூன்று பங்கு விலகினால் ஏறக்குறைய 42 வினாடிக்கு ஒன்று. கணக்கு அப்படியே பொருந்தியது. பெட்டி லைனிலிருந்து கிளாக் எடுக்காமல் தன் சொந்த ஆசிலேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கிளாக் சோர்ஸை லைனுக்கு மாற்ற ஒரே ஒரு கமாண்ட் போதுமானதாக இருந்தது. கவுண்டர் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. அரை மணி நேரம் நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பேசிக்கொண்டிருப்பவர் காதில் ஒரு ஸ்லிப் சின்ன ‘டிக்’ சத்தம், அவ்வளவுதான். மோடத்துக்கு அது மறுபடி ரீட்ரெயின், அதாவது லைனைப் புதிதாக அளந்து இணைப்பைச் சரிசெய்வது. அடிக்கடி வந்தால் காலே போய்விடும். அதனால் வாங்கும்முன் கிளாக் பற்றி விரிவாகக் கேளுங்கள். முதல் லைன் விழுந்தால் அடுத்த லைனுக்குத் தானாக மாறுமா, முதல் லைன் திரும்பி வந்தால் என்ன செய்யும், இரண்டு ஆபரேட்டர்களின் ஈ1-கள் ஒரே பெட்டியில் இருந்தால் எதைப் பின்பற்றும்? விற்க வருபவர் இதற்குத் தடுமாறினால், அவருடைய இன்ஜினியரோடு பேசிவிட்டே முடிவெடுங்கள்.

அடுத்தது டிஎஸ்பி, அதாவது வாய்ஸையும் மோடம் சிக்னலையும் கையாளும் சில்லு. பழைய தலைமுறைப் பெட்டிகளில் மோடம் கார்டு தனி, வாய்ஸ் கார்டு தனி. எங்களுக்குப் பகலில் வாய்ஸ் நெரிசல், இரவில் டயல்அப் நெரிசல். பகலில் மோடம் போர்ட்கள் சும்மா கிடக்க, வாய்ஸ் கால்கள் 34-ஆம் காஸ் கோடோடு, அதாவது சேனல் இல்லையென்று, திரும்பிக்கொண்டிருந்தன. சிஸ்கோவின் ஏஎஸ்5350, ஏஎஸ்5400 வரிசை வந்தபோது இந்தப் பிரிவினை போனது. எந்த போர்ட்டும் கால் வரும்போதுதான் மோடமா வாய்ஸா என்று முடிவாகும். 5350 ஒரே ஒரு ரேக் யூனிட் உயரத்தில் 8 ஈ1 வரை எடுத்துக்கொள்ளும். வேறு எந்த வசதியையும்விட இந்தப் பொது போர்ட் முறைதான் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது. ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் வேண்டுமென்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சேனல் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எந்த கோடெக்கில் (பேச்சை டிஜிட்டலாக மாற்றும் முறை) அத்தனை சேனல் என்று பாருங்கள். சிஸ்கோவின் பிவிடிஎம்2-64 டிஎஸ்பி மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி.711-இல் 64 கால், நடுத்தரச் சிக்கலுள்ள கோடெக்குகளில் 32, அதிகச் சிக்கலுள்ளவற்றில் 24. பெயரில் இருக்கும் 64-ஐ வைத்து இரண்டு ஈ1-க்குப் போதும் என்று வாங்கிவிட்டு ஜி.729 ஓட்டினால் பாதி நிரம்பும்போதே கதவு மூடிவிடும். பேண்ட்விட்த்திலும் இதே கதைதான். ஜி.729 வெறும் 8 கிலோபிட் என்பார்கள். 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட் என்றால் ஐபி, யுடிபி, ஆர்டிபி ஹெடர்களோடு அது 24 ஆகிவிடும். ஜி.711 என்றால் 64 போய் 80.

ஃபேக்ஸுக்கு டி.38 (ஐபி வழியாக ஃபேக்ஸ் அனுப்பும் முறை) கட்டாயம். மோடம் கால் ஐபி வழியாகப் போக வேண்டியிருந்தால் ஜி.711 பாஸ்த்ரூதான், அதாவது ஒலியைச் சுருக்காமல் அப்படியே கடத்துவதுதான்; சைலன்ஸ் சப்ரஷன் (பேச்சில்லாத நேரம் பாக்கெட்டை நிறுத்துவது) அணைந்திருக்க வேண்டும். மறுமுனை மோடம் எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு டோன் அனுப்பும், நடுநடுவே ஃபேஸைத் திருப்பிப் போட்டபடி. நடுவில் இருக்கும், எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலர் விலகிக்கொள்ள அதுதான் அடையாளம். அதைக் கேட்காத கேட்வேயில் மோடம் கால் மணி அடிக்கும், எடுக்கும், ஆனால் கனெக்ட் ஆகாது. டெமோவிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

56 கிலோபிட் மோடம் தரமான வி.90 வேண்டுமென்றால் நம் பக்கம் டிஜிட்டல் லைன்தான் இருக்க வேண்டும், பாதையில் ஒரே ஒரு அனலாக் மாற்றம்தான் இருக்கலாம். அனலாக் போர்ட் கேட்வேயில் எவ்வளவு செலவழித்தாலும் அது நடக்காது. கார்டு தேய்க்கும் மெஷின்களுக்கு இந்த வேகமே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவை அனுப்புவது சில நூறு பைட்டுகள். வி.22-இல் 1200 பிட் வேகத்தில் சட்டென்று இணைந்து, அனுப்பி, வைத்துவிடுவதே அவற்றுக்கு நல்லது.

இரட்டை பவர் சப்ளை, மாற்றக்கூடிய ஃபேன், ரேடியஸ் அக்கவுண்டிங் (கால்களின் கணக்குப் பதிவு) எல்லாம் இருக்கட்டும். இவற்றில் நல்ல பெட்டிகளுக்குள் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை. லைசன்ஸ் மட்டும் கவனம். ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பெட்டியில் போர்ட் முழுக்க இருந்தும் பாதிக்குத்தான் சாவி கொடுத்திருந்தார்கள். நெரிசல் நாளில்தான் அது தெரியவந்தது.

இப்போது எங்கள் வாய்ஸ் பெரும்பாலும் சிப் (SIP) டிரங்க்குக்கு, அதாவது ஐபி வழி டெலிபோன் இணைப்புக்கு, போய்விட்டது. அங்கே இருமுனைக்கும் பொதுவாக லைன் கிளாக் கிடையாது, பாக்கெட்டுகளைச் சற்றுத் தேக்கி ஒழுங்குபடுத்தும் ஜிட்டர் பஃபர்தான் சமாளிக்கிறது. பேச்சுக்கு அது போதும். அலாரம் பேனல்களும் பழைய கார்டு மெஷின்களும் இன்னும் மோடத்தில்தான் கூப்பிடுகின்றன. அவற்றுக்காக ஒரே ஒரு ஈ1-ஐ விட்டுவைத்திருக்கிறேன். கடைசி மெஷின் மாறும்வரை அதை எடுக்கப் போவதில்லை.