ஏஜென்ட் ‘பிளஸ் பாயின்ட்’ என்று காட்டிய இரண்டுமே எங்களுக்கு வைத்த ஆப்பு

லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் பக்கம் யாராவது வீடு பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். போன வருடம் அங்கே ஒரு சின்ன வரிசை வீடு வாங்கினோம். ஏஜென்ட் வாயை நம்பினேன், இப்போது 18,000 பவுண்டுக்கு வழி தேடுகிறேன்.

அந்த இடத்தைக் குறை சொல்லவில்லை. கோல்டர்ஸ் கிரீன் ஸ்டேஷனில் எச்2 என்ற குட்டி பஸ்ஸில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். ஹென்ரியட்டா பார்னெட் என்ற அம்மையார் 1907இல் தொடங்கிய குடியிருப்பு. ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுதான், வீட்டுக்கு வீடு மதிலுக்குப் பதில் உயிர்வேலி, பப் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஏழையும் பணக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டினாராம். இன்றைய விலையைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

வீட்டைக் காட்டிய அன்று ஏஜென்ட் இரண்டு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, வாசலில் கான்கிரீட் போட்டுக் கார் நிறுத்த இடம், “இந்தத் தெருவில் இது கிடைக்கவே கிடைக்காது.” இரண்டு, புத்தம் புது டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) சன்னல்கள். “ஃப்ரீஹோல்ட்தானே, நிலமும் சொந்தம், உங்கள் வீடு, உங்கள் இஷ்டம், வருடாந்திரக் கட்டணம் எதுவும் இல்லை” என்றும் சொன்னார். தெருவில் வேறு எந்த வீட்டு வாசலிலும் கார் நிற்கவில்லையே, ஏன் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குடிபோன இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். நலம் விசாரித்துவிட்டு, “வேலியை எப்போது திரும்ப வைக்கப்போகிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சன்னலைக் காட்டினார். மரச்சட்டம், கட்டைவிரல் தடிமனுக்கு மரக்குச்சிகள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் கண்ணாடி. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் சட்டம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளைப் பட்டியைச் சொருகிக் கட்டம் கட்டமாகத் தெரிகிற மாதிரி ஏமாற்று வேலை செய்திருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தால் மொழுமொழுவென்று ஒரே கண்ணாடி.

மறு மாதம் டிரஸ்டிலிருந்து, அதாவது இந்தக் குடியிருப்பின் தோற்றத்தைப் பாதுகாக்கும் அமைப்பிலிருந்து, கடிதம் வந்தது. இங்கே ஃப்ரீஹோல்ட் வாங்கினாலும் வெளித்தோற்றம் நம் இஷ்டம் இல்லை. 1967இல் வந்த சட்டப்படி குத்தகைதாரர்கள் நிலத்தோடு வீட்டைச் சொந்தமாக வாங்கலாம் என்று ஆனபோது, இந்த ஊரின் அமைப்பு சிதைந்துவிடக் கூடாது என்று 1974இல் உயர் நீதிமன்ற ஒப்புதலோடு ஒரு மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தார்கள். சன்னல் மாற்ற, வாசலில் கல் பதிக்க, மரம் வெட்ட, எல்லாவற்றுக்கும் டிரஸ்டிடம் அனுமதி வாங்க வேண்டும். முந்தைய ஓனர் எதற்கும் வாங்கவில்லை. அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார், பொறுப்பு வீட்டோடு சேர்ந்து எங்கள் தலையில். வருடாந்திரக் கட்டண பில்லும் கூடவே வந்தது, தொகை பெரிதில்லை, ஆனால் “இல்லவே இல்லை” என்று சொன்னாரே மனிதர்!

டிரஸ்ட்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், சரிசெய்ய அவகாசமும் கொடுத்தார்கள். கோபமெல்லாம் ஏஜென்ட்மேலும், அதைவிட அதிகமாக வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்த்த எங்கள் வக்கீல், சொலிசிட்டர்மேலும்தான். சன்னல் மாற்றியதற்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று விற்பவரிடம் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை என்று சொலிசிட்டரிடம் கேட்டதற்கு, “வழக்கமான தேடல்கள் எல்லாம் செய்தோம்” என்று பதில் அனுப்பினார். முறைப்படி அவர் அலுவலகத்துக்கே முதலில் புகார் எழுதியிருக்கிறேன். 8 வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் வக்கீல்கள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ஏஜென்ட் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை, அதனால் அந்தப் பக்கம் பெரிதாக நம்பிக்கை இல்லை. நீங்களாவது எதையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள், வீட்டின்மேல் தீராத விதிமீறல் ஏதாவது இருக்கிறதா என்று டிரஸ்டிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கான்கிரீட்டை உடைத்தாகிவிட்டது. வேலிக்குப் பிரிவெட் செடி வைத்திருக்கிறோம், முழங்கால் உயரம்கூட வரவில்லை. போன ஞாயிறு அடுத்த தெருவில் நடக்கும்போது ஒரு வீட்டு வாசலில் அதே ஏஜென்டின் போர்டு. நின்று சன்னலைப் பார்த்தேன். பிளாஸ்டிக்.