வயதான நாய்க்கு பேட் விரிப்பதா, டயப்பர் கட்டுவதா?

திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதா? முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என எதுவும் காரணமாக இருக்கலாம். அடம் என்று நினைத்துத் திட்டாதீர்கள், பாவம். அப்புறம் இந்தத் தேர்வு.

யாருக்கு?
பேட் (தரையில் போடும், சிறுநீரை உறிஞ்சும் விரிப்பு): அவசரம் தெரிந்து, தானே இடம் தேடிப் போகும் நாய்க்கு.
டயப்பர்: தூக்கத்திலும் நடக்கும்போதும் அறியாமல் சொட்டும் நாய்க்கு. ஆண் நாய்க்கு வயிற்றைச் சுற்றும் பட்டையே போதும்.

செலவு: இரண்டிலும் துவைத்துப் பயன்படுத்தும் துணி வகை உண்டு. நாள்பட்ட பிரச்சினைக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

தோல்:
பேட்: பயமில்லை. தரையில் வழுக்காமல் ஓரங்களை ஒட்டிவிடுங்கள். மூட்டுவலி உள்ள நாய்க்கு அடிபட ஒரு சறுக்கல் போதும்.
டயப்பர்: இங்கேதான் கவனம் வேண்டும். ஈரம் நின்றால் தோல் சிவந்து புண்ணாகும். நனைந்ததும் மாற்றி, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே அடுத்ததைக் கட்ட வேண்டும். மலம் கழிக்கும் நேரத்தில் கழற்றிவிட வேண்டும்.

சுத்தம்: எதுவானாலும் கசிந்த இடத்தில் என்சைம் கிளீனர் (சிறுநீர்க் கறையையும் வாடையையும் சிதைக்கும் திரவம்) போடுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம்; அந்த வாடை நாயை மறுபடி அங்கேயே இழுக்கும்.

இரவிலும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் நாயின் படுக்கை மேல் துணிப் பேடையே விரிப்பேன். மாற்றிவிட ஆள் அருகில் இருக்கும் நேரத்துக்கும் கார் பயணத்துக்கும் டயப்பர் சரி.