தருமபுரியில் விரைப்பை ஸ்கேன்: எடுப்பது நன்று, ரிப்போர்ட் போதாது

தருமபுரி நகரில் அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆட்கள் நிறைய வரும் தனியார் ஸ்கேன் சென்டர் ஒன்றின் விரைப்பை டாப்ளர் (ரத்த ஓட்டத்தையும் காட்டும் ஸ்கேன்) சேவை பற்றியது இது. விந்தணு குறைவுக்கு வைத்தியம் பார்க்கும் ஆண்களுக்கு விரைப் புற்றுநோய் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடக் கூடுதல். அந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதால் இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

எடுக்கும் விதத்தில் குறையில்லை. திரை மறைப்பு உண்டு, உதவியாளரும் ஆண். வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோபை வைக்காமல் தோலுக்கு அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் நேரான லீனியர் புரோபில் பார்க்கிறார்கள். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து முக்கச் சொல்லி இன்னொருமுறை. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, அதை 0.71-ஆல் பெருக்கி விரையின் கொள்ளளவைக் குறிக்கிறார்கள். 12 மில்லிக்குக் கீழே போனால் விரை சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கோளாறு ரிப்போர்ட்டில்தான். ‘இடது வேரிகோசீல், கிரேடு 2’ என்று, அதாவது விரைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்று, தடித்த எழுத்தில் போட்டதோடு சரி. விரையின் உட்திசு சீராக உள்ளதா, கருத்த திட்டு ஏதும் உண்டா, இருந்தால் எத்தனை மில்லிமீட்டர், அதற்குள் ரத்த ஓட்டம் தெரிகிறதா, சுண்ணாம்புப் புள்ளிகள் ஒரே படத்தில் 5 அல்லது அதற்கு மேல் உள்ளனவா? ஒன்றுக்கும் பதில் இல்லை. வேரிகோசீல் கிடைத்ததும் விந்தணு குறைவுக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக நின்றுவிடுகிறார்கள். கட்டி வலது பக்கத்திலும் இருக்கலாமே! இந்த வரிகளைக் கேட்டு எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். சின்ன வயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் நடந்ததா என்றும் இங்கே கேட்பதில்லை. விரை இறங்காமல் இருந்திருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடும், நீங்களே சொல்லிவிடுங்கள்.

திட்டு தெரிந்தால் விரைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள் வேண்டும். விந்தணு கூட எச்சிஜி ஊசி போட்டுவருபவருக்கு அந்த ஊசியாலேயே பீட்டா எச்சிஜி ஏறிக் காட்டும். லேபில் முதலிலேயே சொல்லுங்கள். மூன்றும் நார்மல் என்று வந்தாலும் புற்றுநோய் இல்லை என்றாகாது. 1 சென்டிமீட்டருக்கும் சிறிய, கைக்குத் தட்டுப்படாத திட்டுகளில் பல சாதுவானவை. எதையும் முடிவு செய்ய வேண்டியவர் யூராலஜிஸ்ட். புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கும்போது விரைப்பையில் ஊசி குத்திச் சதை எடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள், செல்கள் பரவக்கூடும். விரையை எடுக்க நேர்ந்தால் கவட்டைக்கு மேலே கீறித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே, 2021 செயற்கைக் கருத்தரிப்பு (ஏஆர்டி) சட்டப்படி பதிவுபெற்ற விந்தணு வங்கியில் மாதிரியை உறையவைத்துவிடுங்கள்.