டிரை பிரேக் டிராக்டரா, ஆயில் பிரேக் டிராக்டரா? நான் எதை எடுத்தேன், ஏன்

மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய டிராக்டர் ஒன்று தேடி காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் சுற்றி, கடைசியில் இரண்டு வண்டியில் வந்து நின்றேன். ஒன்று டிரை பிரேக், அதாவது பிரேக் ஆயில் படாமல் உலர்ந்தே வேலை செய்யும். கியருக்குத் தொண்ணூறாம் நம்பர் ஆயில் தனி, ஹைட்ராலிக் ஆயில் தனி. இன்னொன்று ஆயில் பிரேக், பிரேக் தட்டு ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். கியர், பின் ஆக்சில், பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான், நாற்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். நான் எடுத்தது இரண்டாவது வண்டியை.

இழுவை, டீசல் செலவு இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிரேக் வேலை டிரை பிரேக்கில்தான் மலிவு, ஊர்ப் பட்டறையிலேயே முடிந்துவிடும். மாந்தோப்பும் மேட்டுக்காடும் மட்டும் ஓட்டுகிறவர் அதையே எடுக்கலாம், தப்பில்லை. எனக்கு கே.ஆர்.பி. அணைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. நடவுக்கு வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டும்போது ஆக்சில் வரைக்கும் சேறும் தண்ணீரும்தான். அதில் டிரை பிரேக் நனைந்து, துருப்பிடித்து, ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. ஆக்சில் சீல் கசிந்தாலும் இதே கதைதான், கியர் ஆயில் பிரேக் லைனிங்கில் பட்டால் அப்புறம் பிரேக் வழுக்கும்.

ஆனால் நான் முடிவெடுத்தது பிரேக்கை வைத்து இல்லை, ஆயில் அளவு பார்க்கிற வசதியை வைத்துத்தான். நான் பார்த்த டிரை பிரேக் வண்டியில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கே, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியே, கிடையாது, பக்கவாட்டில் ஒரு லெவல் பிளக். அதைக் கழற்றினால் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். முறை சரிதான். ஆனால் சேறு காய்ந்து இறுகிக் கிடக்கிற பிளக்கை, விதைப்பு நேரத்தில், ஸ்பேனரும் கையுமாகப் படுத்து யார் திறக்கப் போகிறார்கள்? விற்க வந்தவரைக் கேட்டேன், வாங்கினதிலிருந்து திறந்ததே இல்லை என்று சிரித்தார். டிப்ஸ்டிக் என்றால் இழு, துடை, விட்டு எடு, ஒரு நிமிஷ வேலை. அதனால்தான் நான் பார்க்கிறேன், இல்லையென்றால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

பார்ப்பதிலும் தப்பு செய்யலாம், நான் செய்தேன். டிப்பர் டிரெய்லரைத் தூக்கி எருவைக் கொட்டிவிட்டு, தூக்கின வாக்கிலேயே டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். அளவு குறைவாகத் தெரிந்தது. மூன்று லிட்டர் ஊற்றினேன். டிரெய்லர் இறங்கினதும், அதைத் தூக்குகிற சிலிண்டருக்குப் போயிருந்த வண்டி ஆயில் எல்லாம் திரும்பி வந்து, பிரீதர் என்கிற காற்றுத் துவாரம் வழியாக வழிந்து பின்பக்கம் முழுக்க அபிஷேகம். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், லிஃப்ட் கை கீழே இருக்க வேண்டும், டிப்பர் இறங்கியிருக்க வேண்டும், இஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் ஆகியிருக்க வேண்டும். அதிகமானாலும் கெடுதல்தான், நுரைக்கும், சூடேறும், சீல் வழியே தள்ளும்.

ஒரே ஆயில் என்பதில் ஒரு வம்பும் உண்டு. மச்சானுடைய டிப்பரை இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டினேன். அவர் சிலிண்டரிலும் ஹோஸிலும் நின்ற பழைய ஆயில் என் வண்டியின் கியர் ஹவுசிங்குக்குள் வந்துவிட்டது. மறுநாள் காலையில் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில். தண்ணீர்தான் என்று தெரிந்தாலும் உறுதிக்காகக் கொஞ்சம் ஆயிலைச் சூடான தகரத்தில் விட்டேன், படபடவென்று வெடித்தது. மொத்த ஆயிலையும் மாற்ற வேண்டியதாயிற்று, ஃபில்டரும் சேர்த்து. செலவு வலித்தது, இருந்தாலும் பேரிங் தப்பியது. லெவல் பிளக் வண்டியில் இப்படித் தண்ணீர் இறங்கியிருந்தால் கியர் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்திருக்கும். காசிமேட்டில் லாஞ்சு இஞ்சின் வேலை பார்க்கும் பங்காளி ஒருவர், படகு கியர்பாக்ஸிலும் ஆயிலைக் குளிர்விக்கிற கூலர் ஓட்டையானால் கடல் தண்ணீர் புகுந்து ஆயில் இப்படியே பாலாகும், அங்கேயும் முதலில் காட்டிக்கொடுப்பது டிப்ஸ்டிக்தான் என்றார்.

ஆயில் பிரேக் வண்டியில் ஊற்றும் ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது. வெறும் தொண்ணூறாம் நம்பர் ஊற்றினால் பிரேக் மிதிக்கும்போது கர்ரென்று கத்தும். டப்பாவில் யூ.டி.டி.ஓ. (கியர், பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பொதுவான டிராக்டர் ஆயில்) என்று போட்டிருக்கிறதா, வண்டிப் புத்தகம் சொல்கிற தரமா என்று பார்த்து வாங்குங்கள். என் வண்டிப் புத்தகம் ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. சேடை ஓட்டுவதால் நான் அவ்வளவு நாள் விடுவதில்லை.

பிரேக் தட்டு தேய்ந்து திறக்க வேண்டி வந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்காதீர்கள், இன்னும் நான் திறக்கவில்லை. ஆயிலை வடித்துத்தான் திறக்க வேண்டும், டிரை பிரேக்கை விடக் கண்டிப்பாக அதிகம் ஆகும். அந்த நாள் வரும்போது இதே வாயால் வேறு மாதிரி பேசினாலும் பேசுவேன்.