தாத்தாவின் தும்மலை யார் நீக்கச் சொன்னது?

பாளையங்கோட்டையில் பழைய ஆடியோ கேசட்டுகளையும் வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகளையும் பென்டிரைவில் ஏற்றித் தரும் ஒரு ஸ்டூடியோவில் வேலை கொடுத்து வாங்கினேன். தாத்தாவின் முதல் வருஷத் திதிக்கு எல்லாரும் கூடும்போது போட்டுக் காட்டத்தான். ஒரு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடைப் பெயரை விட்டுவிடுகிறேன். எந்த ஊரில் கொடுத்தாலும் கேட்டு வாங்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

கொடுத்தது ஒரு ஷூ டப்பா நிறைய ஆடியோ கேசட், அப்புறம் 1994-இல் சித்தி கல்யாணத்தில் எடுத்த வீடியோ கேசட்.

தாத்தா நெல்லை டவுனில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடையைவிட அவருக்குப் பிரியமான சாமான் ஒரு பிலிப்ஸ் டேப் ரிக்கார்டர். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டால் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா ஆகிவிடுவார். "அடுத்ததாக உங்களை மகிழ்விக்க வருபவர், முன்பல் இரண்டையும் கூரைமேல் எறிந்துவிட்டு வந்திருக்கும் இன்னிசைக் குயில்!" என்று மூச்சுவிடாமல் அறிவிப்பார். நான் பாட வேண்டும். பாடி முடித்ததும், "நேயர்களே, காது பத்திரமா இருக்கா?" மாமாக்களின் கணக்குப் பரீட்சை மார்க்கை ஆகாசவாணிச் செய்தி மாதிரி வாசிப்பார். மாமா ஒருவர் அழுதுகொண்டே ஓடும் சத்தமும் அதில் பதிந்திருக்கிறது.

புது கேசட்டுக்குக் காசு செலவழிக்க மாட்டார். ஆச்சியின் பக்திப் பாட்டு கேசட்டைத்தான் எடுப்பார். கம்பெனி கேசட்டில் மேல் விளிம்பில் இரண்டு பொந்து இருக்கும். அதில் பிளாஸ்டிக் தடுப்பு இல்லாததால் மேலே பதிய முடியாது. அந்தப் பொந்தில் செல்லோடேப் ஒட்டினால் பதியும். தாத்தா ஒட்டினார். ஆக அட்டையில் முருகன், உள்ளே எங்கள் ரகளை. நாங்கள் நிறுத்துகிற இடத்தில் பாதி வரியிலிருந்து சாமி பாட்டு கிளம்பும். "சாமி பாட்டுலயா கை வைக்கீக?" என்று ஆச்சி சத்தம் போடுவதும் ஒரு கேசட்டில் இருக்கிறது, அதுவும் சாமி பாட்டை அழித்துத்தான் பதிந்திருக்கிறது.

கடைக்கு வருவோம். கேசட் வேலை பார்ப்பவர் வயசானவர், கை நிதானமானவர். சில கேசட்டில், நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அணைத்துப் பிடிக்கும் பஞ்சுப் பட்டை உதிர்ந்து போயிருந்தது. ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, சுருளை அப்படியே எடுத்து வேறு கூட்டில் வைத்து மூடினார். அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். கேசட்டை ஓட்டும் டெக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்குரூவைச் சின்னத் திருப்புளியால் இம்மி இம்மியாகத் திருப்பினார். அதுவரை போர்வைக்குள்ளிருந்து பேசினமாதிரி மந்தமாக இருந்த தாத்தாவின் குரல் தெளிந்து, 'ச', 'ஸ' எல்லாம் கூர்மையாகக் கேட்டது. பதிந்த டேப் ரிக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு இதையும் கொண்டுவர வேண்டுமாம். "ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால கேட்டுத்தாம்மா திருப்பணும்" என்றார். இதைச் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு மற்ற கடைகளில் கொடுங்கள். செய்யாமல் அப்படியே ஓடவிட்டு ஏற்றினால் குரல் மந்தமாகத்தான் வரும்.

தாமதம் ஆகிறது என்று யாரும் கோபப்பட வேண்டாம். கேசட் ஓடுகிற வேகத்தில்தான் ஏற்ற முடியும். மூன்று மணி நேர வீடியோ என்றால் மூன்று மணி நேரம் முழுசாக ஓடியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் நாடாவில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்த பூஞ்சணத்தைத் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். ஹெட்டும் கெடும். கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவதெல்லாம் பழசை உடைத்துப் பழசுக்குப் போட்டு ஓட்டுவதுதான். கேசட்டைப் பரணில் வைத்திருப்பவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

இனி குறை. கேசட் வேலை முடிந்ததும் ஃபைல் உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு தம்பியிடம் போகிறது. அவர் 'க்ளீன்' பண்ணுகிறார். நாம் கேட்காமலேயே.

முதலில் வாங்கி வந்த பென்டிரைவை வீட்டில் போட்டேன். குரல் பளிச்சென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆச்சி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல அவுக தும்மலயே காணோமே" என்றாள். தாத்தாவுக்குப் பட்டணம் பொடி என்கிற மூக்குப்பொடிப் பழக்கம். வேடிக்கையாக ஏதாவது சொல்லப் போகிறார் என்றால் முதலில் டப்பியைத் தட்டுவார், உறிஞ்சுவார், வேண்டுமென்றே நிறுத்துவார், ஒரு தும்மல் போடுவார், அதன் பிறகுதான் விஷயம் வரும். நாங்கள் தும்மலுக்கே சிரிக்க ஆரம்பித்துவிடுவோம். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அதெல்லாம் குப்பை. டப்பி தட்டும் சத்தம், கடையில் காற்றடிக்கும் பம்ப், யாரோ பெல் அடித்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டது. மிச்சம் இருந்த குரல் யாரோ ஒரு நல்ல மனிதர் பேசியது போல இருந்தது. எங்கள் தாத்தா அவ்வளவு ஒழுங்கானவர் கிடையாது.

வீடியோவில் கூத்து இன்னும் அதிகம். அந்தக் காலப் படம் 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அதை இப்போதைய டி.வி. அகலத்துக்கு இழுத்ததில் ஒல்லியான தாத்தா தொந்தியும் தொப்பையுமாக வந்தார். செயற்கை நுண்ணறிவு போட்டு முகத்தை வழவழப்பாக்கியதில் மீசை பாதி கரைந்துவிட்டது. ஆரம்பத்தில் வயலின், ரோஜா இதழ் உதிர்வு, 'கண்ணீர் அஞ்சலி' எழுத்து. அதைவிடப் பெரிய கொடுமை, பந்தியில் அவர் வருகிற இடத்தை நீளம் என்று வெட்டிவிட்டார்கள்.

அந்த இடம் இதுதான். தாத்தா வடையை இலைக்கடியில் தள்ளிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஏல தம்பி, இந்த இலைக்கு வடையே வரல பாத்துக்கோ" என்பார். அவர் ஒன்று வைத்துவிட்டு நகர்ந்ததும் இலை ஓரத்தைத் தூக்கி கேமராவுக்குக் காட்டுவார். அடியில் இரண்டு இருக்கும். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். இது இல்லாமல் வீடியோ எதற்கு?

மறுபடி போய்க் கேட்டேன். பெரியவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, ஏற்றியதும் எதையும் தொடாமல் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. கூடுதல் காசு கேட்காமல் கொடுத்துவிட்டார். ஆடியோ, சுருக்காத வேவ் ஃபைலாக, ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 600 எம்.பி.; வீடியோ 720×576 அளவில், 4:3-யாகவே. இரைச்சல் இருக்கிறது, கோடு விழுகிறது, மீசை முழுசாக இருக்கிறது. திதி அன்று சாப்பாடு முடிந்து இதைத்தான் போட்டோம். வடை வருவதற்கு முன்பே சித்தப்பா, "இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்று ஆரம்பித்து யாரையும் பார்க்கவிடவில்லை.

ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முதலில் கை வைக்காத மூல ஃபைல் வேண்டும், க்ளீன் பண்ணினால் அது தனி நகலாக இருக்கட்டும். ஆடியோவைச் சுருக்கி எம்.பி.3 மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் அது சரி. எதையும் வெட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. கேசட்டுகளையும் எண்ணித் திருப்பி வாங்குங்கள். நான் கொடுத்த விலை ஆடியோ கேசட் ஒன்றுக்கு 200 ரூபாய், வீடியோவுக்கு 500. அந்த ஸ்குரூ வேலைக்கு இது குறைவுதான்.

ஆடியோவுக்கு ஐந்து நட்சத்திரம், வீடியோவுக்கு மூன்று. ரோஜா இதழுக்கு ஒன்றும் கிடையாது.