கறித்தூள் சேர்மானத்தைக் காக்க உதவிய சட்ட சேவை

கல்லடியில் நாங்கள் நடத்தும் கறித்தூள் ஆலையின் சேர்மான அளவுகளையும் மொத்த வியாபாரிகளின் விபரங்களையும் பாதுகாப்பதற்காக மட்டக்களப்பு நகரிலுள்ள சட்டத்தரணி ஒருவரை நாடினோம். அவரது சேவை மிகுந்த திருப்தியளித்தது. ஆக்கவுரிமை (பேட்டன்ட்) பெற்றால் செய்முறை வெளியாகி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் பாதுகாப்பும் முடிந்துவிடும் என்றும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு வெளிப்படுத்தப்படாத தகவலை, அதாவது வணிக இரகசியத்தை, பதிவின்றியே காக்கிறது என்றும், ஆனால் அதை இரகசியமாக வைத்திருக்க உரிமையாளர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

ஒப்பந்தப் படிவத்தை நீட்டிவிட்டு ஒதுங்காமல், ஆலைக்கே நேரில் வந்து பார்த்தமை பெரிதும் பாராட்டுக்குரியது. வறுக்கும் அடுப்பருகே சுவரில் ஒட்டியிருந்த அளவுத்தாளைக் கழற்றி அலுமாரியில் பூட்டச் சொன்னார். மல்லி, மிளகாய் வறுப்பவருக்கு ஒரு பகுதியும், வாசனைச் சரக்குகளைக் கலப்பவருக்கு மறுபகுதியும் மட்டுமே தெரியும்படி வேலையைப் பிரிக்கச் செய்தார். ஊழியர் வாசித்து விளங்கிக்கொள்ளும் தமிழில் இரகசியம் காக்கும் உடன்படிக்கையும் எழுதித் தந்தார். வேலையை விட்டுச் செல்பவரின் பொதுவான கைத்திறனை அது முடக்கவில்லை. உழைத்துப் பிழைப்பவர்களுக்கு அந்த நியாயம் அவசியமானது.

வட்ஸ்அப்பில் அனுப்பப்படும் விலைப்பட்டியல்களைப் பற்றி மட்டும் இன்னும் விரிவாக அறிவுரை கூறியிருக்கலாம்.